வீட்டுப் பெயர்ப்பலகை சிஎன்சி மெஷினுக்குப் போகும் முன்: தமிழ் ஃபான்ட்டில் என்னவெல்லாம் கவனிக்கணும்?

ஆவடியில் எங்க வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள் முன்னாடி பெயர்ப்பலகை வந்தது. தேக்கு. 18 இன்ச் அகலம். பாலிஷ் முடிஞ்சு பளபளன்னு இருந்தது. ‘தெய்வானை இல்லம்’. பாட்டி பேரு. அப்பா கவரைப் பிரிச்சார், ஒரு நிமிஷம் பார்த்தார், எதுவும் பேசாம என்கிட்ட நீட்டினார். ‘த’வுக்கு முன்னாடி நிற்க வேண்டிய ஒற்றைக் கொம்பு, பின்னாடி போய் நின்னுட்டிருந்தது. ‘ன’வுக்கு முன்னாடி வர வேண்டிய இணைக்கொம்பும் அப்படித்தான். எழுத்துக்கூட்டிப் படிச்சா பாட்டி பேரு மட்டுமில்ல, எந்தப் பேருமே வரலை.

கடைக்காரரைத் திட்டலாம்னு வாட்ஸ்அப்பைத் திறந்தேன். செதுக்குறதுக்கு முதல் நாளே அவர் மாதிரிப் படம் அனுப்பியிருக்கார். மீட்டிங் நடுவுல அதைப் பெருசாக்கிக்கூடப் பார்க்காம நான் ஒரு தம்ப்ஸ்-அப் போட்டிருக்கேன். அதனால் திட்டு பாதியாகக் குறைந்தது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் புதுசா வீடு கட்டுறவங்களில் பலர் இப்போ வாசக்கதவு, பூஜை அறைக் கதவு, பெயர்ப்பலகைன்னு சிஎன்சி ரௌட்டர் வேலையைத்தான் தேடுறாங்க. கம்ப்யூட்டர் சொல்ற பாதையில் சுழலும் பிட் மரத்தைச் செதுக்கிக்கொண்டே போகும். மெஷினைப் பற்றி இங்கிலீஷ்ல ஆயிரம் வீடியோ இருக்கு. தமிழ் எழுத்து எங்கே சிக்கும்னு அதில் யாரும் சொல்றதில்லை. ரெண்டாவது பலகைக்காக நான் கத்துக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை.

கொம்பு ஏன் இடம் மாறுது?

யூனிகோடில் ‘தெ’ என்பது முதலில் ‘த’, அடுத்து ஒற்றைக் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. நாம் உச்சரிக்கும் வரிசை அது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் நகர்த்துவது மென்பொருளோட வேலை. போன், பிரவுசர் எல்லாம் இதைச் சத்தமில்லாம செஞ்சுடும். மரவேலைக்கான மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் இந்தத் திறமை கிடையாது. இங்கிலீஷ் எழுத்து இடமிருந்து வலமாக ஒண்ணு பின்னாடி ஒண்ணு நிற்கும் என்பதால், தமிழையும் அப்படியே வரிசையாக அடுக்கிடும். ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ மாதிரி ரெண்டு பக்கமும் குறி வர்ற எழுத்துகளும் இதே மாதிரி உடையும்.

இதுக்குத் தீர்வு, மெஷின் மென்பொருளில் தமிழை டைப் செய்யாமலே இருப்பது. இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் டைப் பண்ணினால் தமிழ் சரியாக வரும். அங்கேயே ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து எழுத்தைக் கோடாக மாற்றிடணும். கோரல் டிரா பயன்படுத்துறவங்களுக்கு ‘கன்வர்ட் டு கர்வ்ஸ்’. அதுக்கப்புறம் அது எழுத்தே இல்லை, வெறும் படம். எந்த மென்பொருளுக்குப் போனாலும் கொம்பு நகராது.

இங்கே ஒரு விஷயம். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் ஃபான்ட்டுகளில், மாற்றிய பிறகு ‘யூனியன்’ கொடுக்கலைன்னா, ஏறிய இடத்துக் கோட்டையும் மெஷின் தனியாக வெட்டும். எழுத்து நடுவில் ஒரு கீறல் விழும். அளவையும் சரிபார்க்கணும். ஒரு இன்ச்சுக்கு 96 புள்ளின்னு ஒரு மென்பொருள் கணக்கு வைக்க, இன்னொண்ணு 72ன்னு எடுத்துக்கிட்டா, 300 மி.மீ. வரைஞ்சது 400 மி.மீ. ஆகிடும்.

பழைய ஃபான்ட்டோட தலைவலி

பல கடை கம்ப்யூட்டர்களில் இன்னமும் பாமினி மாதிரி பழைய ஃபான்ட் ஓடுது. இதில் தமிழ் எழுத்து இங்கிலீஷ் எழுத்தோட இடத்தில் உட்கார்ந்திருக்கும். ‘அம்மா’ன்னு அடிக்க எம், கே, செமிகோலன், கே, ஹெச் என்று தட்டணும். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தா அந்த இங்கிலீஷ் எழுத்துகள்தான் தெரியும். ஆனா இதுல ஒரு வேடிக்கை: கொம்பு எங்கே நிற்கணுமோ அங்கேயே கையால் அடிப்பதால், மெஷின் மென்பொருளில் பாமினி உடையாது! பழைய ஆட்கள் அதை விடாததுக்கு இதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். நீங்க வாட்ஸ்அப்பில் அனுப்பும் யூனிகோட் தமிழை அதில் நேரா ஒட்ட முடியாது. யாராவது திரும்ப டைப் பண்ணணும். திரும்ப டைப் பண்ற இடத்தில்தான் எழுத்துப்பிழை நுழையும்.

திரையில் அழகு, மரத்தில்?

என்னை ரொம்ப யோசிக்க வெச்சது இந்தப் பகுதிதான்.

பள்ளமாகச் செதுக்க பெரும்பாலும் வி வடிவ பிட். கோடு அகலமாக இருக்கும் இடத்தில் பிட் ஆழமாக இறங்கும், குறுகும் இடத்தில் மேலே ஏறும். 60 டிகிரி பிட்டில் கோட்டோட அகலம் 6 மி.மீ.ன்னா பள்ளம் சுமார் 5 மி.மீ. அதே கோடு 90 டிகிரி பிட்டில் 3 மி.மீ.தான். இப்போ நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி தடிப்பும் மெலிவும் மாறி மாறி வர்ற ஃபான்ட்டை எடுத்துக்கோங்க. மெல்லிய கோடு அரை மி.மீ.ன்னு வந்தா 90 டிகிரி பிட்டில் பள்ளம் கால் மி.மீ. உப்புத்தாள் போட்டு பாலிஷ் அடிச்சா அந்தக் கோடு காணாமலே போயிடும். எதிர்ப்பக்கமும் ஆபத்துதான்: 16 மி.மீ. தடிமனான எழுத்தை 60 டிகிரி பிட்டில் விட்டால் கிட்டத்தட்ட 14 மி.மீ. ஆழம். பலகையே 18 மி.மீ.ன்னா யோசிச்சுக்கோங்க. ஆழத்துக்கு ஒரு எல்லை வைக்கச் சொல்லிடுங்க.

எழுத்து புடைச்சு நிற்கணும்னா கணக்கு வேற. சுத்தி இருக்கும் மரத்தைத்தான் மெஷின் எடுக்கும். 3 மி.மீ. பிட், 3 மி.மீ.க்குக் குறைவான சந்துக்குள் நுழையாது. மென்பொருள் பெரும்பாலும் எச்சரிக்கவும் செய்யாது, அந்த இடத்தை அப்படியே விட்டுட்டுப் போயிடும். மூணு சுழி ‘ண’வும் ரெண்டு சுழி ‘ன’வும் பக்கத்தில் பக்கத்தில் வர்ற பேரு இருந்தா, சுழிகள் அடைபட்டு எது எதுன்னு தெரியாது. அதனால் உட்சந்து தாராளமா இருக்கும் ஃபான்ட்தான் இதுக்கு நல்லது. முக்தா மலர், கேட்டமரான், அனேக் தமிழ் மூணையும் போட்டுப் பார்த்தேன். கேட்டமரானில் ஒன்பது தடிமன் இருக்கு. ரொம்ப மெலிசும் வேண்டாம், ரொம்ப கனமும் வேண்டாம், நடுவில் உள்ளதுதான் மரத்துக்குச் சரிவரும். அனேக்கில் எழுத்தோட அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம், நீளமான பேருக்கு உதவும். கையெழுத்து மாதிரி வளையும் ஃபான்ட் கல்யாணப் பத்திரிகையில் நல்லா இருக்கும். மரத்தில் எனக்குப் பிடிக்கலை.

அப்புறம் புள்ளி. ஓலைச்சுவடி எழுதினவங்க பெரும்பாலும் புள்ளியே வைக்கலை. எழுத்தாணி குத்தினா ஓலை கிழியும்னு காரணம் சொல்வாங்க. மரத்திலும் புள்ளி தொல்லைதான். பள்ளமாகச் செதுக்கினா பிரச்சினை இல்லை, சின்னக் கூம்பு மாதிரி அழகா வரும். புடைப்பு எழுத்தில் புள்ளி 4 மி.மீ. குச்சியாகத் தனியே நிற்கும். மரத்தோட ரேகைவாக்கில் ஒரு தட்டு தட்டினா பெயர்ந்துடும். ‘இல்லம்’ல ரெண்டு புள்ளி இருக்கு. அதனாலேயே நாங்க பள்ள எழுத்துக்கு மாறினோம்.

பெரியப்பா கேட்ட ‘னை’

நடுவுல பெரியப்பா ஒரு குண்டு போட்டார். “அம்மா கையெழுத்துல ‘னை’ இப்படியா இருக்கும்? தும்பிக்கை போட்டில்ல எழுதுவாங்க!” அவர் சொன்னது சரி. பெரியார் 1935லேயே ‘குடி அரசு’ இதழில் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் ஆணையாக்கியது. ணை, லை, ளை, னை எல்லாம் தும்பிக்கையை விட்டு இணைக்கொம்புக்கு மாறியது அதனால்தான். யூனிகோடில் பழைய வடிவத்துக்குத் தனிக் குறியீடு கிடையாது. அதை வரைஞ்சு வெச்சிருக்கும் ஃபான்ட்டைத் தேடணும், இல்லை அந்த ஒரு எழுத்தை மட்டும் கையால் வரையணும். பெரியப்பாவே பாட்டியோட பழைய கடிதம் ஒண்ணைக் கொண்டுவந்தார். அதைப் பார்த்து ‘னை’யை மட்டும் நான் இங்க்ஸ்கேப்பில் வரைஞ்சேன். பொதுவா கடைப் பலகைக்கு இதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். புதுத் தலைமுறை தடுமாறும். வீட்டுக்கு ஓகே.

ஃபைலை எப்படி வெச்சுக்கிறது?

டைப் செய்த ஃபைல் ஒண்ணு, கோடாக மாற்றியது ஒண்ணுன்னு ரெண்டும் வேணும். கோடாக மாற்றியதில் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. டைப் செய்ததைத் திறக்கணும்னா அதே ஃபான்ட் வேணும், இல்லைன்னா மென்பொருள் வேற ஒண்ணை மாட்டிவிடும். அதனால் ஃபான்ட் ஃபைலையும் அதே ஃபோல்டரில் போட்டுடுங்க.

உரிமம் முக்கியம், குறிப்பா நீங்க பலகை செஞ்சு விற்கிறவரா இருந்தால். ‘ஆயிரம் தமிழ் ஃபான்ட்’னு சுத்தும் தொகுப்புகளில் எது யாருடையதுன்னே தெரியாது. மேலே சொன்ன ஃபான்ட்டுகள் கூகுள் ஃபான்ட்ஸில் ஓபன் ஃபான்ட் லைசென்ஸில் இருக்கு; வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம், ஃபான்ட்டை மட்டும் தனியா விற்கக் கூடாது. புது ஃபான்ட் இறக்கினதும் ‘ஸ்ரீ’ அடிச்சுப் பாருங்க. சிலதில் அது ‘ஸ்’, ‘ரீ’ன்னு பிரிஞ்சுடும். இந்தப் பக்கம் பாதி வீட்டுப் பேரு அதில்தான் ஆரம்பிக்குது.

மாதிரிப் படம் வந்தா போனில் பார்த்துட்டு விடாதீங்க. பிரின்ட் எடுத்து, வீட்டில் வயசானவங்க யாரையாவது சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. எங்க ரெண்டாவது படத்தை அப்பா மூணு தடவை எழுத்துக்கூட்டினார். அப்புறம் எம்டிஎஃப் துண்டில் ‘னை’யை மட்டும் செதுக்கிப் பார்த்தோம்.

புதுப் பலகை வாங்கலை. தேக்கு விலை அப்படி. பள்ளம் 5 மி.மீ.தான், பலகை 25 மி.மீ. இருந்ததால் கடைக்காரர் அதையே திருப்பிப் போட்டுச் செதுக்கிக் கொடுத்தார், காசும் கூட வாங்கலை. கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் ராத்திரி மாட்டினோம். தப்பான பேரு இப்பவும் சுவத்துப் பக்கமா இருக்கு.