பழகிப்போன நெருப்பு

அனுபவம் மனிதனை ஜாக்கிரதையுள்ளவனாக்கும் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த நாம், சிவகாசிக்கும் சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் இடையே வறண்ட பூமியில் பரந்து கிடக்கும் பட்டாசு ஆலைகளுக்கென வகுக்கப்பட்ட விதிகளை ஊன்றிப் படித்தால், அவற்றை இயற்றியவர்கள் அந்த நம்பிக்கையை அடியோடு கைவிட்டவர்களாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணாமல் இருக்க முடியாது. மருந்து கலக்கும் அறையில் இருவருக்கு மேல் இருக்கலாகாது. வேலை அறையில் நால்வருக்கு மேல் கூடாது. கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். இரும்புக் கருவி ஆகாது. உடலில் சேர்ந்த மின்னூட்டம் தரையில் இறங்கிவிடும்படி செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டே உள்ளே போக வேண்டும். நேற்று வந்தவனுக்கும் முப்பது வருஷம் மருந்து கலந்தவனுக்கும் விதி ஒன்றுதான். பழுத்த அனுபவத்துக்கென்று அங்கே சலுகை ஏதுமில்லை.

காரணம் பொருளின் சுபாவத்திலேயே இருக்கிறது. வெடியுப்பு தன்னுள் அடக்கி வைத்திருக்கும் பிராணவாயுவைக் கந்தகத்துக்கும் அலுமினியப் பொடிக்கும் தானே கொடுத்து எரிய வைப்பதால், பற்றிய மருந்தைக் காற்றுப் புகாமல் மூடி அணைத்துவிட இயலாது. பற்றுவதற்கோ ஓர் உராய்வு போதும். ஈரம் பட்ட கலவை யாரும் தொடாமலே உள்ளுக்குள் சூடேறக்கூடும் என்பதனால், மிஞ்சிய மருந்தை மறுநாளைக்கென்று வைப்பதும் அபாயமே.

இத்தகைய பொருளோடு பழகும் மனத்தின் கதை இன்னும் விசித்திரமானது. முதல் நாள் நடுங்கிய கை சில மாதங்களில் வேகம் பெறுகிறது. விபத்தின்றிக் கழிந்த ஒவ்வொரு நாளையும் மனம் அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதாமல் தன் சாமர்த்தியத்தின் கணக்கில் எழுதிக்கொள்கிறது. இப்படிச் சேர்ந்த பொய்ச் சம்பாத்தியத்துக்கே நாம் பல சமயம் அனுபவம் என்று பெயரிட்டு விடுகிறோம். (உத்தியோகத்திலும் குடும்பத்திலும் இந்தக் கணக்குப் பிள்ளை இல்லாதவர் யார்?) அஞ்சத் தக்கதற்கு அஞ்சுவதை வள்ளுவர் கோழைத்தனத்தோடு சேர்க்காமல், அறிவுடைமை என்னும் அதிகாரத்தில் அறிஞர் தொழிலாகவே வைத்ததன் நுட்பம், மருந்தறையின் வாசலில் நின்றால் எவருக்கும் விளங்கும்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் தீப்பிடித்தபோது, காப்பாற்றவும் பார்க்கவும் அக்கம்பக்கத்தார் ஓடினார்கள். பின்னர் நிகழ்ந்த பெருவெடிப்பில் அவர்களிலும் பலர் மாண்டனர். முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்த நாளில் அவர்களை ஓடச் செய்தது மூடத்தனமென்று நான் சொல்லத் துணியேன். கருணையும் வேடிக்கை பார்க்கும் ஆவலும் மனித இயல்பு. அவற்றைத் தடுத்து நிறுத்தியிருக்க வேண்டிய பயமோ, வெடிச்சத்தத்தின் நடுவிலேயே வாழ்ந்து தேய்ந்து போயிருக்கலாம்.

இந்தத் தொழில் வேரூன்றிய வரலாற்றில் நாம் கொண்டாடுவதெல்லாம் துணிவைத்தான். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, பட்டாசுக்கு முன்னோடியான தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தது மெய்யாகவே பெருந்துணிவு. மழை பொய்த்த ஊருக்கு அது சோறு போட்டது. ஆயினும், தொழிலாளிக்கு மட்டும் விவேகத்தை உபதேசித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது நியாயமாகாது. தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் குவிகிறது. எண்ணிக்கைக்குக் கூலி என்கிறபோது நிதானம் கைநஷ்டமாகிறது. உரிமம் பெற்றவர் ஒருவராகவும் உள்குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் வேறொருவராகவும் இருக்கும் இடங்களில், நால்வர் அறையில் கூடுதல் ஆட்கள் அமர, மிஞ்சிய வேலை மரத்தடிக்கும் வந்துவிடுகிறது. அங்கே அச்சத்தை முதலில் இழந்தவர் தொழிலாளி அல்லர். அறைக்குள் ஒருநாளும் அமர்ந்திராத முதலாளியே.