கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டால்: கடன் தீர்க்கும் நிறுவனத்தை நம்பியிருக்கலாமா?

வீடு திருத்த, கிணறு துப்புரவாக்க, வள்ளமும் எஞ்சினும் வாங்க, முச்சக்கரவண்டி எடுக்க என்று மீள்குடியேறிய குடும்பங்கள் பல கடன்பட்டே வாழ்க்கையைத் தொடங்கின. வங்கி, லீசிங் கம்பனி, நுண்நிதி நிறுவனம், மீற்றர் வட்டிக்காரர் என ஒரே வீட்டில் மூன்று நான்கு கடன்கள் இருப்பதும் உண்டு. தவணை தவறி நீதிமன்றத்திலிருந்து கடிதம் வரும் வேளையில், "கம்பனியோடு நாங்கள் பேசிக் கடனைக் குறைத்துத் தருகிறோம், நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் மனம் ஆறத்தான் செய்யும். அவரிடம் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்.

கடன் தீர்க்கும் நிறுவனம் என்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிதாக வளர்ந்த தொழில். ரொறன்ரோவில் உள்ள உறவினர் சொல்லி இங்குள்ள சிலருக்கும் அது தெரியும். நீங்கள் கடன்காரருக்குக் கட்டுவதை நிறுத்தி, மாதந்தோறும் ஒரு தொகையை அந்த நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். போதிய பணம் சேர்ந்ததும் அவர்கள் கடன்காரரோடு பேரம் பேசுவார்கள். சிக்கல் அந்தச் சேரும் காலத்தில்தான் இருக்கிறது. 300,000 ரூபா கடனுக்கு 20 வீதம் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். அது 60,000 ரூபா. மாதம் 10,000 ரூபா கட்டினால், கட்டணத்தை முதலில் எடுப்பவரிடம் முதல் ஆறு மாதப் பணமும் அவருக்கே போகும். கடன்காரருக்கு ஒரு சதமும் போயிராது, வட்டி ஏறிக்கொண்டிருக்கும், வழக்கும் நடந்துகொண்டிருக்கும். இதனால்தான் தொலைபேசி வழியாக விற்கப்படும் இச்சேவைக்கு முற்பணம் வாங்குவதை அமெரிக்கா 2010இல் தடை செய்தது. ஒன்ராறியோ மாகாணமும் 2015 ஜூலையில் முற்பணத்தைத் தடுத்து, ஒப்பந்தத்தைக் கைவிட 10 நாள் அவகாசமும் கொடுத்தது. அங்கேயே சட்டம் போட்டுத் தடுத்த ஒன்றை, இங்கு ஒருவர் முற்பணமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆனால் கட்டணத்தைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. கடன் தீர்ப்பவர் நீதிமன்றத்தில் உங்களுக்காகத் தோன்ற முடியாது. அந்த இடத்தில் நிற்க வேண்டியவர் நீங்கள், அல்லது நீங்கள் புறொக்சி எழுதிக் கொடுத்த சட்டத்தரணி. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக வழக்குத் தவணை தள்ளிப் போகாது. "அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்" என்று வீட்டில் இருந்துவிட்டால், எதிராளி வரவில்லை என்று பதிந்து ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பளிக்கப்படும்.

ஆகவே முதலில் கையிலுள்ள கடிதம் என்னவென்று பாருங்கள். அது மத்தியஸ்த சபையிலிருந்து வந்ததாக இருக்கலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், குறித்த பெறுமதிக்குட்பட்ட பிணக்குகள் நீதிமன்றம் போகமுன் இந்தச் சபைக்குப் போக வேண்டும். அங்கே சட்டத்தரணி தோன்ற முடியாது. இரு பக்கமும் நேரே இருந்து பேசலாம். தவணையைக் கூட்டித் தரும்படியோ, தண்ட வட்டியைக் கழிக்கும்படியோ நீங்களே கேட்கலாம். கடன் தீர்ப்பவர் பணம் வாங்கிச் செய்வதாகச் சொல்லும் வேலை இங்கே ஏறத்தாழச் செலவின்றி நடக்கிறது. போகாமல் விட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் கொடுக்கப்படும். அதை வைத்துக்கொண்டு கடன் கொடுத்தவர் வழக்குப் போடுவார்.

நீதிமன்ற அழைப்பாணையாக இருந்தால், வல்வெட்டித்துறைப் பகுதியினருக்கு அது பெரும்பாலும் பருத்தித்துறை மாவட்ட நீதிமன்றத்திலிருந்து வரும். சாதாரண வழக்கென்றால் அழைப்பாணையில் குறித்த நாளில் தோன்றி மறுமொழி அணைக்க வேண்டும். வங்கியோ நிதிக் கம்பனியோ 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின்கீழ் வந்திருந்தால் நிலைமை கடுமை. அதில் நீதிமன்றம் முதலிலேயே ஒரு தற்காலிகத் தீர்ப்பாணையை ஆக்கிவிட்டுத்தான் உங்களுக்கு அனுப்புகிறது. குறித்த நாளில் வந்து நின்றால் மட்டும் போதாது. கடனைப் பற்றி நீங்கள் சொல்வதை மனுவாகவும் சத்தியக்கடதாசியாகவும் எழுதிக் கொடுத்து, வழக்காட அனுமதி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்தத் தீர்ப்பாணையே முடிவானதாகிவிடும். இதை எழுதச் சட்டத்தரணி ஒருவர் கட்டாயம் வேண்டும். கடிதம் கிடைத்த அன்றே அவரைத் தேடுங்கள்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அழைப்பாணை கடன் பத்திரத்தில் எழுதிய முகவரிக்கே போகும். உறவினர் வீட்டிலோ வாடகை வீட்டிலோ இருந்தபோது எழுதிய முகவரியாக இருந்தால், ஊர் திரும்பிய பின் அது உங்கள் கைக்கு வராமலே போகலாம். தவணை தவறிய கடன் உள்ளவர்கள் கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் புதிய முகவரியை எழுத்தில் அறிவித்து, பிரதி ஒன்றை வைத்திருங்கள். உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்திலும் விசாரிக்கலாம். சாதாரண வழக்கில் நீங்கள் வராததால் தீர்ப்பானால், தீர்ப்பாணை உங்களுக்குச் சேர்ப்பிக்கப்பட்டு 14 நாட்களுக்குள், வராததற்குத் தகுந்த காரணத்தைக் காட்டி அதை நீக்கும்படி கேட்க முடியும். அந்த 14 நாட்களை யாருடைய வாக்குறுதியை நம்பியும் கழியவிடாதீர்கள்.

தீர்ப்புக்குப் பிறகு கட்டும் பணத்திலும் கவனம் வேண்டும். நீதிமன்றத்துக்கு வெளியே கட்டிய தொகை, கிடைத்ததென்று நீதிமன்றத்தில் அத்தாட்சிப்படுத்தப்படாவிட்டால், தீர்ப்பை நிறைவேற்றும்போது அது கணக்கில் எடுக்கப்படாது. இடைத்தரகரிடம் கொடுத்த பணத்துக்கு அவருடைய துண்டுச்சீட்டு மட்டும் இருந்தால், பிஸ்கால் உத்தியோகத்தர் வாசலில் நிற்கும்போது அது உதவாது. வழக்கு நடக்கும்போதே இணக்கம் வந்தால் அதை வழக்கேட்டில் பதிவிக்க வேண்டும். பிணை நின்றவர்களின் பெயரையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். குழுக் கடன்களில் ஒருவருக்கொருவர் பிணை நின்ற பெண்கள் ஏராளம். கடன் எடுத்தவர் தன் பங்கை மட்டும் பேசி முடித்துக்கொண்டால், கடன்காரர் மீதிக்குப் பக்கத்து வீட்டு அக்காவிடம் போகக்கூடும். உறவு முறிவதும் பெரும்பாலும் அதனால்தான்.

பழைய கடனென்றால் இன்னும் நிதானம் தேவை. எழுத்திலான ஒப்பந்தத்தின் மீது வழக்குப் போட பொதுவாக 6 ஆண்டுகளே அவகாசம். இடையில் ஒரு சிறு தொகை கட்டினாலோ, கடனை ஏற்றுக் கையொப்பமிட்டுக் கடிதம் கொடுத்தாலோ அந்தக் காலம் புதிதாகத் தொடங்கும். "நல்லெண்ணத்துக்கு ஓராயிரம் ரூபா கட்டுங்கள், பேச வசதியாக இருக்கும்" என்று இடைத்தரகர் சொல்வது காலாவதியாகப் போகும் கடனுக்கு உயிர் கொடுப்பதாக முடியலாம். கடைசியாகக் கட்டிய திகதியைச் சட்டத்தரணியிடம் காட்டாமல் எதையும் கட்டவோ கையொப்பமிடவோ வேண்டாம்.

"பொலிஸ் வரும், மறியலுக்குப் போவீர்கள்" என்று பயமுறுத்திக் காசு பறிப்பவர்களும் உண்டு. கடன் வழக்கு குடியியல் வழக்கு. தவணை தவறியதற்காகப் பொலிஸார் வந்து உங்களைப் பிடித்துப் போவதில்லை. காசில்லை என்று தெரிந்தே காசோலை எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் கதை வேறு, அது குற்றமாகலாம். தீர்ப்புக்குப் பின் பொருட்களைக் கைப்பற்றும்போதும் உடுபுடவை, படுக்கை, தொழிற்கருவிகள் போன்றவற்றுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. கடற்றொழில் செய்பவர்கள் இதைச் சட்டத்தரணியிடம் குறிப்பாகக் கேளுங்கள்.

அரசு கடனை நீக்கிவிட்டது என்ற பேச்சையும் சரிபார்க்க வேண்டும். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் 100,000 ரூபாவுக்குட்பட்ட நுண்நிதிக் கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டது. எல்லா நிறுவனங்களின் எல்லாக் கடன்களுக்கும் அது பொருந்தவில்லை.

கனடாவில் உள்ள பிள்ளைகள் மேல் அங்கேயே வழக்கு வந்தால், கடன் தீர்க்கும் நிறுவனத்தின் ஒப்பந்தம் அங்கும் வழக்கை நிறுத்தாது. உரிமம் பெற்ற திவால் அறங்காவலர் மூலம் நுகர்வோர் முன்மொழிவு பதிந்தால் சாதாரணக் கடன்களுக்கான வழக்குகள் நிற்கும். திருப்பிச் செலுத்த 5 ஆண்டுகள் வரை கிடைக்கும். ஒன்ராறியோவில் எதிர்வாதம் அணைக்க 20 நாட்களே உண்டு என்பதைத் தொலைபேசியில் பேசும்போது சொல்லிவையுங்கள்.

வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு சட்டத்தரணியை ஒழுங்கு செய்கிறது. யாழ்ப்பாணத்தில் அதன் நிலையம் உண்டு. மத்திய வங்கியின் கண்காணிப்பில் உள்ள வங்கி அல்லது நிதிக் கம்பனி தவறாக நடந்தால் 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். முறைப்பாடும் வழக்கை நிறுத்தாது. சட்ட உதவிக்குப் போகும்போது அழைப்பாணையும் அது வந்த கடித உறையும், கடன் பத்திரம், கட்டிய பற்றுச்சீட்டுகள் அல்லது குழுக் கொப்பி, அடையாள அட்டை, கிராம அலுவலரின் வருமானக் கடிதம் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தால் அதையும் அப்படியே கொண்டு போங்கள். அங்கே வாசித்து விளக்குவார்கள்.