மெக்னீசியம்: வரவும் செலவும் மிகையும்

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. பாதிக்கு மேல் எலும்பில் தங்கியிருக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி தசைகளிலும் பிற திசுக்களிலும். ரத்தத்தில் ஓடுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்தச் சிறு பங்கு டெசிலிட்டருக்கு சுமார் 1.7 முதல் 2.2 மில்லிகிராமுக்குள் நின்றால்தான் நரம்பும் தசையும் இதயமும் சீராக இயங்கும்.

வரவு உணவிலிருந்து வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020இல் நிர்ணயித்த நாளளவு ஆண்களுக்கு 440 மில்லிகிராம், பெண்களுக்கு 370. திருமங்கலம், பேரையூர் பக்கத்து மானாவாரிக் காடுகளில் விளையும் கம்பிலும் சோளத்திலும் 100 கிராமுக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. தீட்டிய அரிசியில் சுமார் 20தான். மதுரைச் சமவெளியின் பாறைப் பாங்கான நிலத்தடியிலிருந்து வரும் போர் தண்ணீரின் கடினத்தன்மைக்கு மெக்னீசியமும் ஒரு காரணம். குடிநீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 100 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். சல்பேட்டும் மிகுந்திருந்தால், பழக்கமில்லாதவர்களுக்கு வயிற்றோட்டம் வரலாம்.

உண்பதில் மூன்றில் ஒரு பங்குதான் குடலில் உறிஞ்சப்படுகிறது. செலவைக் கவனிப்பது சிறுநீரகம். நாளொன்றுக்கு சுமார் 2,400 மில்லிகிராமை வடிகட்டி, நூறு மில்லிகிராம் போலச் சிறுநீரில் விட்டு, மீதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வரவு கூடினால் வெளியேற்றத்தையும் கூட்டிவிடும். அதனால் சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு உணவால் மிகை நேர்வதில்லை.

மிகை பெரும்பாலும் மருந்தின் வழியே வருகிறது. நெஞ்செரிச்சலுக்கான சில ஜெல் மருந்துகளில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு உண்டு. பேதி உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். அளவு மீறினால் முதலில் வயிற்றோட்டம். சிறுநீரகம் பழுதானவரிடமோ மெக்னீசியம் ரத்தத்தில் தேங்கும்: குமட்டல், முகம் சிவத்தல், ரத்த அழுத்தச் சரிவு, தசைத் தளர்ச்சி எனத் தொடர்ந்து, மூச்சும் இதயமும் நிற்கும் வரை போகலாம். இலை மஞ்சளித்த பயிருக்காக உரக்கடையில் விற்கும் மெக்னீசியம் சல்பேட் மனிதர் உட்கொள்ளத் தக்கதல்ல.

கர்ப்பகால ஜன்னிக்கு மருத்துவர்களே ரத்த மெக்னீசிய அளவை உயர்த்துகிறார்கள். மெக்னீசியம் சல்பேட் ஊசி வலிப்பை அடக்கும். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு ஒன்பது மில்லிகிராமைத் தாண்டும்போது முழங்கால் அனிச்சை மறையத் தொடங்கும். மூச்சு ஒடுங்குவது அதற்குப் பிறகு. ஆகவே ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் முழங்கால் தட்டிப் பார்க்கப்படுகிறது. மூச்சும் சிறுநீரும் அளக்கப்படுகின்றன. மிகையானால் மாற்று மருந்து கால்சியம் குளுக்கோனேட். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு டயாலிசிஸ். சிறுநீரக நோயாளிகள் அமில முறிப்பானையோ பேதி மருந்தையோ வாங்குமுன் மருத்துவரைக் கேட்பது அவசியம்.