குளிர்காலத்தில் தைலப் பூச்சு: பயனும் அபாயமும்

கடல் மட்டத்திற்குமேல் ஏறக்குறைய 3,000 அடி உயரத்திலுள்ள ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பிரதேசங்களில் மார்கழி, தை மாதங்களில் பனியும் குளிரும் மிகுதி. இராகி அறுவடைப் பருவத்தில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டா வனத்திலிருந்து யானைகள் வருவதால், குடியானவர்கள் வயலிலும் களத்திலும் இரவெல்லாம் காவலிருக்க நேரிடுகிறது. அத்தருணத்தில் நீலகிரித் தைலம், கற்பூரத் தைலம் முதலியவற்றை மார்பிலும் கால்களிலும் தேய்த்துக்கொண்டால் உடல் சூடேறும் என்று பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கை எவ்வளவு உண்மை என்பது கவனிக்கத்தக்கது.

தைலமரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1790-ஐ ஒட்டித் திப்பு சுல்தான் காலத்தில் நந்தி மலையிலும், 1843-ல் நீலகிரியிலும் அது நடப்பட்டதாகக் கூறப்படுகிறது. நீலகிரியில் வளரும் இனத்தின் இலையை நீராவியில் வடித்தால், நூறு பங்கு இலைக்குச் சுமார் ஒரு பங்கு தைலம் கிடைக்கும். அதில் மிகுந்துள்ள ஸினியோல் என்னும் சத்தே அதன் மணத்திற்குக் காரணம். மைதானங்களில் பயிராகும் மைசூர் இனத்தில் இச்சத்து குறைவு.

இத்தைலங்கள் உடலில் உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை. மிளகாயின் காரமும் கற்பூரமும் சூட்டை அறியும் நரம்பு நுனிகளைத் தூண்டுகின்றன. ஆகையால் சூடு ஏறியதுபோல் தோன்றுகிறது. இந்நரம்புகளின் இயல்பை விளக்கியதற்காகவே டேவிட் ஜூலியஸ், ஆர்டம் படபூட்டியன் என்னும் இரு அறிஞர்கள் 2021-ல் நோபல் பரிசு பெற்றனர். தேய்த்த இடத்தில் இரத்தம் தோலுக்கு ஏறிவருவதால், திறந்த வெளியில் நிற்பவனுடைய உடற்சூடு வெளியேறவும் ஏதுவாகும். மது அருந்துவதும் இத்தகையதே. தசை வலிக்கும் மூக்கடைப்பிற்கும் தைலம் சிறிது சுகம் தரும், குளிரைத் தடுக்காது.

அபாயமும் உண்டு. ஒரு கிராம் கற்பூரம் உட்சென்றாலே சிறு குழந்தைக்கு வலிப்பு கண்டு உயிருக்கு ஆபத்து நேரிடலாம். நீலகிரித் தைலம் ஒரு தேக்கரண்டி அளவு உட்கொண்டாலும் மயக்கமும் மூச்சுத் தடையும் உண்டாகலாம். ஆகவே, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இவற்றைப் பூசுதலும், மூக்கருகில் தடவுதலும் கூடாது. பெரியவர்களும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய்க்கு இரண்டு மூன்று துளி கலந்தே தேய்க்கவேண்டும். புண்ணிலும் கண்ணருகிலும் படலாகாது. பூசிய உடலோடு நெருப்பருகே செல்லுதல் தகாது. புட்டியைக் குழந்தைகளின் கைக்கெட்டாத இடத்தில் வைப்பது அவசியம்.

உண்மையில் குளிரைக் காப்பவை ஈரமில்லாத உடையும், ஒன்றன்மேலொன்றாக அணிந்த துணிகளும், கம்பளியும், தலைமறைப்பும், சூடான இராகிக் கூழுமேயாகும். நீர் பாய்ச்சி நனைந்தவர்கள் உடனே உடை மாற்றவேண்டும். காவற் குடிசையின் கதவை அடைத்துக் கரிநெருப்பு மூட்டுதல் பெருங்கேடு. அதிலிருந்து எழும் நச்சுவாயு மணமின்றி உறங்குவோரைக் கொல்லும்.

தைலத்தையோ கற்பூரத்தையோ குழந்தை உட்கொண்டுவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், 108 வண்டியை அழைத்து, புட்டியுடன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும். கிராம அதிகாரிகள் அறுவடைக் காவல் தொடங்குமுன் இவ்விஷயங்களை ஊரார்க்கு எடுத்துரைப்பார்களாயின், பல வீடுகளில் வீண் துயரம் நேராமல் தடுக்கலாம்.