குறுகிய கடல் வழியும் கணிப்பொறி ஒத்திகையும்

நம் கடைகளில் விற்பனையாகும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி இறக்குமதிச் சரக்கு என்பதை வணிகப் பெருமக்கள் அறிவார்கள். ரஷ்யா, உக்ரைன் நாடுகளிலிருந்து கருங்கடல் துறைமுகங்களில் ஏற்றப்படும் எண்ணெய், துருக்கியின் இஸ்தான்புல் நகரத்தின் நடுவே செல்லும் பாஸ்போரஸ் நீரிணை வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். அங்கே கப்பல் காத்து நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை ஏறுகிறது. அந்தச் செலவு கடைசியில் டின் விலையில் வந்து சேருகிறது.

இந்த நீரிணையின் நீளம் சுமார் 31 கிலோமீட்டர். மிகக் குறுகிய இடத்தில் அகலம் ஏறத்தாழ 700 மீட்டர்தான். கூரிய வளைவுகள், வேகமான நீரோட்டம், மூடுபனி, இவற்றுக்கு நடுவே கரைக்குக் கரை ஓடும் பயணிகள் படகுகள். ஆண்டுக்குச் சுமார் 40,000 கப்பல்கள் இதைக் கடக்கின்றன. 1979 நவம்பரில் இதன் தெற்கு வாயிலில் ருமேனிய எண்ணெய்க் கப்பல் ஒன்று சரக்குக் கப்பலுடன் மோதித் தீப்பிடித்ததில் 40க்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். 1994 மார்ச்சில் மீண்டும் ஒரு கோர விபத்து. அவ்வாண்டு ஜூலையில் புதிய போக்குவரத்து விதிகள் அமலுக்கு வந்தன. பெரிய எண்ணெய்க் கப்பல் நுழையும்போது எதிர்த்திசைக் கப்பல்கள் நிறுத்தி வைக்கப்படுகின்றன.

எந்தக் கப்பலை முதலில் விடுவது, எவ்வளவு இடைவெளி கொடுப்பது என்பதை நிஜக் கப்பல்களை வைத்துச் சோதிக்க முடியாது. எனவே கணிப்பொறியில் ஒத்திகை பார்க்கிறார்கள். இதையே சிமுலேஷன் என்கிறோம். ஒவ்வொரு கப்பலின் வருகை நேரம், நீளம், சரக்கு, வேகம், வழிகாட்டும் பைலட் உண்டா என்ற விவரங்களைக் கொடுப்பார்கள். மூடுபனி எப்போது வரும் என்பதைத் தாயக்கட்டை உருட்டுவதுபோல் கணிப்பொறியே தீர்மானிக்கும். ஓராண்டுப் போக்குவரத்தைக் குறுகிய நேரத்தில், திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். பேரேட்டில் தவறாக எழுதினால் ஐந்தொகை சரியாக வராது. இங்கும் கொடுக்கும் விவரம் சரியாக இருந்தால்தான் விடையும் சரியாக வரும்.

துருக்கியின் போகாசிச்சி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு நாம் கவனிக்கத்தக்கது. அபாயத்தைப் பெரிதும் கூட்டுவதும் குறைப்பதும் இரண்டு: உள்ளூர்ப் படகுகளின் நெரிசல், பைலட் துணை. அதிகக் கப்பல்களை உள்ளே விட்டால் அபாயம் எல்லை மீறும். அபாயத்தைக் குறைக்க இடைவெளியைக் கூட்டினால் காத்திருப்பு மிகவும் நீளும். அதாவது, அந்த வழி ஏற்கெனவே தாங்கும் அளவின் விளிம்பில் இருந்தது என்பதே முடிவு.

சரக்கு லாரிகள் நிறைந்த நம் கடைவீதிக்கும் இதே கணக்குதான். பாதி நிறைந்த தெருவில் ஒரு வண்டி கூடினால் தெரியாது. நிரம்பிய தெருவில் ஒரு வண்டி நின்றால் மொத்தத் தெருவும் நின்றுவிடும். பாஸ்போரஸில் ஒருநாள் மூடுபனி விழுந்தால், பனி விலகிய பிறகும் வரிசை உடனே கரையாது.

ஆகவே இறக்குமதி எண்ணெயில் வியாபாரம் செய்யும் மொத்த வணிகர்கள், சரக்கு சராசரியாக எத்தனை நாளில் வரும் என்று மட்டும் கேட்டால் போதாது. அதிகபட்சம் எத்தனை நாள் தாமதமாகலாம் என்றும் ஏஜெண்டிடம் கேட்டு, குளிர்கால மாதங்களில் அதற்கேற்ற இருப்பு வைத்துக்கொள்வது நல்லது. பண்டிகை நேரத்தில் வாடிக்கையாளரை வெறுங்கையுடன் அனுப்பும் நஷ்டத்தைவிட, கூடுதல் இருப்புக்கு ஆகும் வட்டி குறைவாகவே இருக்கும்.