போன சீட்டின் வாடை

பச்சை ஸ்கெட்ச் பேனாவால் 'சிவப்பு' என்று ஒரு சீட்டில் எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுங்கள். "படிக்காதே, மையின் நிறத்தை மட்டும் சொல்" என்று கேளுங்கள். "சி..." என்று ஆரம்பித்த வாய் சட்டென்று திரும்பி "பச்சை" என்னும். 1935இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் ஆங்கிலச் சொற்களை வைத்துக் காட்டியது இதைத்தான். எழுத்தைப் பார்த்துவிட்டால் படிக்காமல் இருக்க நமக்கு வராது.

இது பழைய வேடிக்கை. எனக்குச் சுவாரசியமாகப் படுவது அடுத்த சீட்டு. ஒருமுறை திணறியவரிடம் உடனே இன்னொரு குழப்பச் சீட்டை நீட்டினால், அவ்வளவாகத் திணற மாட்டார். முந்தைய சீட்டில் மையும் சொல்லும் ஒத்துப்போயிருந்தால்தான் வசமாக மாட்டிக்கொள்வார். வித்தியாசம் மில்லிவினாடிக் கணக்குதான். கணினி வைத்து அளந்தால்தான் பிடிபடும்.

1992இல் கிராட்டன், கோல்ஸ், டான்ச்சின் மூவரும் எழுத்து வரிசைகளை வைத்து இதை அளந்தார்கள். தமிழில் எழுதினால் 'ககசகக' என்பதுபோல இருக்கும். நடு எழுத்தை மட்டும் பார்த்து, அதற்குரிய கையால் பதில் தர வேண்டும். சுற்றி நிற்கும் 'க'க்கள் கையை இழுக்கும். இந்த இழுபறி ஒருமுறை நடந்துவிட்டால், அடுத்த முறை பக்கத்து எழுத்துகளின் பிடி தளர்ந்துவிடுகிறது.

ஏன்? நெற்றிக்குப் பின்னால், மூளையின் நடுமடிப்பில் உள்ள முன் சிங்குலேட் பகுதி இழுபறியை மோப்பம் பிடித்து, மூளையின் முன்நெற்றிப் பகுதியை உஷார்ப்படுத்துகிறது என்பது மேத்யூ பாட்வினிக் குழு 2001இல் வைத்த விளக்கம். 2003இல் உல்ரிக் மேயரும் உடன் ஆய்வாளர்களும் இதை மறுத்தார்கள்: அதே வரிசை திரும்ப வருவதால்தான் கை வேகமாகப் போகிறது, உஷாரும் இல்லை, ஒன்றும் இல்லை என்றார்கள். நியாயமான சந்தேகம். ஆனால் ஒரே வரிசை அடுத்தடுத்து வராதபடி பார்த்துக்கொண்ட பிந்தைய சோதனைகள் சிலவற்றிலும் விளைவு மறையவில்லை.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சங்கதி. 1994இல் மல்ஜ்கோவிச்சும் நாகயாமாவும் மற்றவற்றிலிருந்து நிறம் மாறி நிற்கும் ஒற்றை வைரக்கட்டத்தைத் தேடச் சொன்னார்கள். அதே நிறம் திரும்ப வந்தால் கண் சட்டென்று பிடித்துவிடும். பிறகு சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்று தவறாமல் மாற்றிக் காட்டினார்கள். அடுத்து எது வரும் என்பது தெரிந்த கதைதான். தெரிந்தும் வேகம் கூடவில்லை. கண் போன தடவை பார்த்த நிறத்தின் பக்கமே சாய்ந்து நின்றது.