கெடிலக்கரை தரும் படிப்பினை



வரலாறு என்றால் மன்னர்களின் பெயரும் ஆண்டும் என்று எண்ணி நம் பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மறந்து விடுகிறார்கள். தூனிஸில் பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) தமது ‘முகத்திமா’வில் வேறு வழி காட்டினார். ஒற்றுமையுள்ள கூட்டம் ஆட்சியைப் பிடிக்கிறது, பின்வரும் தலைமுறைகள் ஆடம்பரத்தில் மூழ்குகின்றன, வரிச்சுமை ஏறுகிறது, ஒற்றுமை குலைகிறது, வேறொரு கூட்டம் எழுகிறது. அவர் கண்ட விதி இது.

பண்ருட்டியைத் தொட்டு ஓடும் கெடிலத்தின் கரையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இவ்விதியைச் சோதித்துப் பார்க்கலாம்.

கடாரம் வரை படை அனுப்பிய சோழர் குலத்தின் மூன்றாம் இராசராசனை, அக்குலத்திற்கு அடங்கியிருந்த காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் 1231 வாக்கில் சிறைபிடித்துச் சேந்தமங்கலத்தில் அடைத்தான். அண்டை நாட்டுப் போசளர் படை வந்தே மீட்க வேண்டியதாயிற்று.

வடக்கே செஞ்சிக் கோட்டையைப் பாருங்கள். நாயக்கர்களிடமிருந்து 1649-ல் பீஜப்பூர் சுல்தானின் படை அதைக் கைப்பற்றியது. 1677-ல் சிவாஜி பிடித்தார். 1698-ல் ஔரங்கசீப்பின் படை வென்றது. பீஜப்பூர் சுல்தானகத்தையே 1686-ல் முடித்து வைத்தவரும் அதே ஔரங்கசீப்தான்! 1750-ல் பண்ருட்டியை அடுத்த திருவதிகையைப் பிரெஞ்சுப் படை பிடித்தது. அன்று ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை; முகம்மது அலிக்கு ஆங்கிலேயரும் தஞ்சை மராத்திய மன்னரும் துணை. இவற்றை மதப் போர்கள் என்று யாரேனும் சொன்னால் நம் பிள்ளைகள் நம்பலாமா? வரி வசூலிக்கும் உரிமைக்காகவே வாள்கள் மோதின.

எல்லைகள் பிறந்த விதமும் அறியத்தக்கது. 1690-ல் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை நிலம் அவர்களுக்கு என்பது ஒப்பந்தம்! அவ்வூர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் வந்தது. முகம்மது அலி கம்பெனியாரிடம் பட்ட கடன் பெருகியது. 1801 உடன்படிக்கையில் கர்நாடக ஆட்சியே கைமாறியது. முதல் உலகப் போருக்குப் பின் உதுமானியப் பேரரசின் அரபு நிலங்களும் இவ்வாறே பிறர் வரைந்த கோடுகளால் நாடுகளாயின.

1947-க்குப் பின் நிலைமை அடிப்படையிலேயே மாறியது. 1956-ல் மொழிவழியில் மாநில எல்லைகள் அமைந்தன. 1969-ல் சென்னை மாநிலம் ‘தமிழ்நாடு’ ஆயிற்று. 1993-ல் தென்னாற்காடு மாவட்டம் பிரிந்து கடலூர், விழுப்புரம் மாவட்டங்கள் உருவாயின. இம்மாற்றங்களுக்காக இங்கு எந்தக் கோட்டையும் முற்றுகையிடப்படவில்லை. சட்டமன்றமும் நாடாளுமன்றமும் அரசாணையுமே போதுமாயின. வரி செலுத்தும் குடிபடையாக இருந்தவர், 1952 பொதுத்தேர்தல் முதல் வாக்குரிமை உள்ள குடிமகனாகி விட்டார்.

ஆகவே, பிள்ளைகளுடன் எந்த ஆட்சியைப் பற்றிப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வரியை வசூலித்தவர் யார்? அது எதற்குச் செலவாயிற்று? ஆண்டவர் யாருக்குக் கணக்குச் சொன்னார்? விடுமுறையில் செஞ்சிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரே கோட்டைக்குள் வேங்கடரமணர் கோயிலையும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலையும் காட்டுங்கள்.

ஆட்சி ஓர் அமானிதம். அன்று மன்னர் கையில் இருந்த அந்த அமானிதத்தில் இன்று வாக்காளர் ஒவ்வொருவருக்கும் பங்குண்டு. மூன்றாவது கேள்வியை இனி நாமே கேட்க வேண்டும். நம்மிடமும் அது கேட்கப்படும்.